ஒளிராத கர்ப்பப்பை

எங்கள் துறையில் அவளுக்கு முறைப்பக்கா என்று பெயர். நேரே பார்த்தால் அக்கா, முதுகுக்குப் பின்னால் முறைப்பக்கா. அவளுக்கும் அது தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ளும் அளவுக்குக்கூட நாங்கள் பெறுமானம் உள்ளவர்கள் இல்லை என்று நினைத்திருப்பாள்.

நான் அதே துறையின் முன்பக்கக் கவுன்ட்டரில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பேர் பதிவது, நேரம் கொடுப்பது, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்பவர்களிடம் "இதோ கூப்பிட்டுருவாங்க" என்று பொய் சொல்வது, இவ்வளவுதான் என் வேலை. அக்காவின் வேலை உள்ளே. கதிர்வீசும் மருந்தைத் துளியளவு நோயாளியின் நரம்பில் ஏற்றுவாள். அது உடம்புக்குள் எங்கெங்கே போய்த் தங்குகிறது என்பதை மெஷினில் படம் பிடிப்பாள். படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது டாக்டர்கள். அவர்கள் என்ன எழுதப்போகிறார்கள் என்பது அக்காவுக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே தெரிந்திருக்கும். என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதும் தெரியும்.

அவள் இந்த மருத்துவமனைக்கு வந்தது எக்ஸ்ரே இருட்டறையில் பிலிம் கழுவ. பத்து வருடம் கழுவியதில் நகங்கள் பழுப்பேறிப் போயின. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, பிலிம் போனது, கூடவே வேலையும் போகும் என்றார்கள். முப்பத்திரண்டு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து, தன்னைவிடப் பத்து வயது சின்னப் பெண்களோடு உட்கார்ந்து அணு மருத்துவம் படித்து முதலாவதாகத் தேறினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை துணிந்து கேட்டுவிட்டேன்.

"பார்க்க வந்த ரெண்டு பேரும் வாயை மூடவே இல்ல" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

அவளுக்குப் பிடிக்காதவர்களின் பட்டியல் நீளம். படத்தைப் பார்க்காமல் பழைய ரிப்போர்ட்டை மட்டும் படிக்கும் டாக்டர்கள் அதில் உண்டு. மெஷினுக்குள் படுத்திருக்கும் மனைவிக்குப் போன் போட்டு "முடிஞ்சுதா?" என்று கேட்கும் கணவர்கள் உண்டு. நானும் உண்டு, ஏனென்று இன்றுவரை தெரியாது. ஆனால் எல்லாரையும்விட அவள் இளக்காரமாகப் பார்த்தது, நோயாளிக்காகப் பதில் சொல்லும் சொந்தக்காரர்களைத்தான். "வலி இருக்காம்மா?" என்று நோயாளியைக் கேட்டால் "இருக்குங்க" என்று பக்கத்திலிருக்கும் மருமகன் சொல்வான். அக்கா அவனை ஒரு பார்வை பார்ப்பாள். பேர் வாங்கித் தந்த பார்வை அதுதான். "உங்களுக்கா வலிக்குது? வெளிய உட்காருங்க." அவனும் போய் உட்காருவான்.

எங்கள் துறைத் தலைவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கு நாங்கள் வைத்த பேர் மேடை. மனிதருக்கு மைக் என்றால் உயிர். வராந்தாவில் நாலு பேர் சேர்ந்து நின்றால் போதும், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். படங்களைப் பார்ப்பதற்கென்று அவருக்கு ஓர் இருண்ட அறை உண்டு. அதில் அவர் உட்கார்ந்த நேரத்தைவிட, அதன் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்ட நேரம் அதிகம்.

புதிய ஊசி மருந்து எங்களிடம் வந்தது அவர் காலத்தில்தான். அதுவரை புற்றுநோய்க்கு நாங்கள் எடுத்த படமெல்லாம் சர்க்கரைப் படம். புற்றுநோய்ச் செல் சர்க்கரையை வாரித் தின்னும், எனவே கதிர்வீசும் சர்க்கரையை ஏற்றினால் நோய் இருக்கும் இடம் பளிச்சென்று தெரியும். நோய் எங்கே என்று அது சொல்லும். என்ன மாதிரி நோய் என்று சொல்லாது. புதிய மருந்து பெண் ஹார்மோனைப் போலவே செய்யப்பட்டது. மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் பலவற்றின் உள்ளே அந்த ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஏற்பி ஒன்று இருக்கும். ஏற்பி இருக்கும் இடத்தில் மருந்து ஒட்டிக்கொண்டு ஒளிரும். ஒளிர்ந்தால் ஹார்மோனை மடக்கும் மாத்திரை வேலை செய்யும் என்று நம்பலாம், தலைமுடி கொட்டும் மருந்துக்கு அவசரமில்லை. ஒளிராவிட்டால் அந்த மாத்திரையைச் சாப்பிடுவதும் சாப்பிடாததும் ஒன்றுதான். எலும்பைக் குடைந்து சதை எடுக்காமல், உடம்பு முழுவதையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம்.

நல்ல விஷயம். நல்ல விஷயத்தைக் கூத்தாக்க எங்கள் ஆட்களுக்கு ஒரு வாரம் போதும். மெஷின் அறை வாசலில் மேடையின் படம் போட்ட பேனர் ஏறியது. பளபள தாளில் ஒரு சின்னப் புத்தகம் அச்சானது. எட்டுப் பக்கத்தில் ஐந்தில் அவர் சிரித்தார். ஏற்பி என்றால் என்ன என்பதை மட்டும் எந்தப் பக்கமும் சொல்லவில்லை. அக்கா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் மேசையில் போட்டாள். "ஆடுற காலுக்கு அடியில வை" என்றாள். என் மேசைக்கு ஒரு கால் கட்டை. புத்தகம் சரியாகத்தான் இருந்தது.

இரண்டு வருடம் ஓடியது. இருநூறாவது படம் எடுக்கப்போகிறோம் என்று யாரோ எண்ணி மேடையின் காதில் போட்டுவிட்டார்கள். அன்று காலையிலேயே படப்பிடிப்புக்காரர் இருவர் விளக்குகளோடு வந்து இறங்கினார்கள். அந்த இருநூறாவது ஆளாக வந்து மாட்டிக்கொண்டவர் ஒரு தையல்காரம்மா.

ஐம்பத்து நாலு வயது. வீட்டில் மெஷின் போட்டு, நாலைந்து பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைப்பவர். ஆறு வருடம் முன்னால் மார்பில் கட்டி எடுத்து, அன்றிலிருந்து ஏற்பியை அடைக்கும் மாத்திரையைச் சாப்பிட்டு வந்திருக்கிறார். இப்போது இடுப்பில் வலி. சர்க்கரைப் படத்தில் முதுகெலும்பில் ஒன்று, இடுப்பெலும்பில் ஒன்று, விலாவில் ஒன்று என்று மூன்று இடம் ஒளிர்ந்தது. மூன்றாம் மாடிப் புற்றுநோய் டாக்டரம்மா பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு, உடம்பில் ஹார்மோன் ஊறுவதையே குறைக்கும் வேறொரு மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதம் போகட்டும், பிறகு ஏற்பிப் படம் எடுங்கள் என்று எங்களிடம் அனுப்பினார். அந்த இரண்டு மாதத்துக்குக் காரணம் உண்டு. அடைக்கும் மாத்திரை உடம்பை விட்டுப் போகாமல் படம் எடுத்தால் படம் பொய் சொல்லும்.

கூட வந்தவர் கணவர். ஏதோ அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இரண்டு பேனா. மனைவியின் ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாகத் துளையிட்டு, கயிறு கட்டி, பக்க எண் போட்டு வைத்திருந்தார். கவுன்ட்டரில் நான் "பேர் சொல்லுங்கம்மா" என்றேன். சொன்னது அவர். "வயசு?" அதுவும் அவர். அந்த அம்மா அவர் தோளுக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். படிவத்தில் 'கீழ்க்கண்ட மாத்திரையைத் தற்போது சாப்பிடுகிறீர்களா?' என்ற கேள்விக்கு அவரே தன் அழகான கையெழுத்தில் 'இல்லை, நிறுத்தப்பட்டது' என்று எழுதித் தேதியும் போட்டார். அடியில் ஒரு கோடு வேறு.

மற்ற நாளாக இருந்தால் அக்கா அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அந்த அம்மாவை உட்காரவைத்துத் தானே மறுபடி ஒவ்வொன்றாகக் கேட்டிருப்பாள். அன்று முடியவில்லை. அந்த மருந்து எங்கோ தயாராகி ஈயப் பெட்டியில் வண்டியேறி வருவது. இரண்டு மணி நேரத்துக்குள் அதன் வீரியம் பாதியாகிவிடும். வண்டியே தாமதம். வந்த பெட்டியைக் கையில் பிடித்தபடி மேடை முக்கால் மணி நேரம் நின்றார். இந்தப் பக்கம் ஒரு படம், அந்தப் பக்கம் ஒரு படம், பெட்டியைக் குனிந்து பார்ப்பதுபோல் ஒரு படம்.

"சார், மருந்து செத்துட்டிருக்கு" என்றாள் அக்கா.

"ரெண்டே நிமிஷம். டை கோணலா இருக்கா பாருங்க."

பெட்டி கைக்கு வந்ததும் அக்கா ஓடினாள். படிவத்தைக் கணவரின் கையிலிருந்து வாங்கினாள், 'இல்லை' என்பதைப் பார்த்தாள், ஊசியைப் போட்டாள். ஒரு மணி நேரம் கழித்துப் படம்.

படத்தில் எலும்பு மூன்றும் இருட்டு. முதுகெலும்பு, இடுப்பு, விலா, ஒன்றுகூட ஒளிரவில்லை. மேடை தன் அறையில் நின்றபடியே பார்த்தார். "ஏற்பி போயிடுச்சு. பாவம். மாத்திரை இனிமே வேலைக்காகாது" என்று சொல்லிக்கொண்டே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். அன்றே மூன்றாம் மாடிக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் தலைமுடி கொட்டும் மருந்து தொடங்குவது என்று முடிவானது.

அக்கா மட்டும் திரையை விட்டு எழவில்லை. நான் எதற்கோ உள்ளே போனேன். எலும்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தால், அவள் அடிவயிற்றைப் பெரிதாக்கி வைத்திருந்தாள்.

"என்னக்கா?"

"கல்லீரல் ஒளிருது. மூத்திரப்பை ஒளிருது. கர்ப்பப்பை எங்க?"

எனக்கு என்ன புரியும். அவளே சொன்னாள். கல்லீரலும் மூத்திரப்பையும் மருந்து வெளியேறும் வழி, அவை எப்போதும் ஒளிரும். கர்ப்பப்பையில் இந்த ஏற்பி இயல்பாகவே இருக்கும். நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒளிர வேண்டும். வயதானவர்களுக்கு மங்கலாகவாவது தெரியும். இருநூறு பேரில், கர்ப்பப்பை எடுத்தவர்களைத் தவிர எல்லாருக்கும் பார்த்திருக்கிறாள். இந்த அம்மாவுக்கு அது பத்திரமாக இருக்கிறது, இருந்தும் இருட்டு.

"நோய்ல ஏற்பி போயிடலாம். கர்ப்பப்பையில எப்படிப் போகும்? உடம்பு பூரா ஏதோ அடைச்சுக்கிட்டு நிக்குது."

அவள் மேடையின் அறைக்குப் போனாள். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"சார், அந்த இருநூறாவது படத்துல கர்ப்பப்பையே ஒளிரல."

"வயசானா சுருங்கிடும்மா."

"அறுபத்தெட்டு வயசுப் பாட்டிக்கே போன மாசம் தெரிஞ்சுது சார்."

"ரிப்போர்ட் போயாச்சு. நீங்க படம் எடுங்க, நாங்க பார்த்துக்கறோம்."

"பார்த்திருந்தா நான் வந்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். நேராக என் கவுன்ட்டருக்கு.

"அந்தம்மாவைக் கூப்பிடு. நாளைக்குக் காலையில வரச்சொல்லு. சாப்பிடுற மாத்திரை அத்தனையும் கையில கொண்டு வரணும்."

"எதுக்குன்னு கேட்டா?"

"படிவத்துல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சுன்னு சொல்லு. அந்தாளு கையெழுத்துன்னா ஓடி வருவான்."

ஓடித்தான் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. ஏழு நாளுக்கு ஏழு அறை, ஒவ்வொன்றும் காலை, மதியம், இரவு என்று மூன்றாகப் பிரித்தது. ஒவ்வோர் அறையிலும் தட்டச்சில் அடித்து ஒட்டிய சீட்டு. அதைத் திறந்து காட்டும்போது அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. மனைவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"காலையில எத்தனை மாத்திரை சாப்பிடுறீங்க?"

"நாலுங்க" என்றார் கணவர்.

"நீங்க ஒரு நிமிஷம் வாயை மூடுங்க. அம்மா, நீங்க சொல்லுங்க."

அந்த அம்மா கணவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "நாலு. புதுசு ஒண்ணு, கால்சியம் ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு. அப்புறம் அந்த வெள்ளை. பழசு."

"பழசை நிறுத்தச் சொன்னாங்களே."

"சொன்னாங்க. இவர்தான் மீதி இருக்கு, தீர்ற வரைக்கும் சாப்பிடுன்னாரு. ரெண்டையும் சேர்த்தே தர்றாரு."

கணவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "ஆறு மாசத்துக்கு மொத்தமா வாங்கி வச்சிருந்தேன். நல்ல மாத்திரை. தூக்கியா போட முடியும்? புதுசோட சேர்ந்தா பலம்தானே."

"படிவத்துல நிறுத்தியாச்சுன்னு எழுதியிருக்கீங்க."

"டாக்டர் சீட்டுல நிறுத்தினதாத்தான் இருக்கு. நான் ரெக்கார்டுப்படி எழுதினேன்."

அக்கா அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளோடு இத்தனை வருடம் வேலை செய்த எனக்கே அந்தப் பார்வை புதிது. மனிதர் பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"ரெக்கார்டை மெஷின்ல படுக்க வச்சு எடுத்திருக்கணும். தெரியாம உங்க பொண்டாட்டியைப் படுக்க வச்சுட்டோம்."

பிறகு அந்த அம்மாவிடம் அவள் மெதுவாகச் சொன்னாள். பழைய மாத்திரை போய் ஏற்பியில் உட்கார்ந்துகொள்ளும், நாங்கள் ஏற்றும் மருந்துக்கு இடமிருக்காது, அதனால் நோயில் ஏற்பி இருந்தாலும் படத்தில் தெரியாது என்று.

அந்த அம்மா இரண்டு விரலால் பொத்தான் மாட்டுவதுபோல் காட்டினார். "காஜாவுல ஏற்கெனவே ஒரு பொத்தான் மாட்டியிருக்கு" என்றார். "அதுல போய் இன்னொரு பொத்தானை மாட்டப் பார்த்திருக்கீங்க. அதுக்காக காஜாவே இல்லைன்னு எழுதிட்டாங்க."

"அவ்வளவுதான்" என்றாள் அக்கா. அந்த எட்டுப் பக்கப் புத்தகம் சொல்லாததை இரண்டு வரியில் ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

அந்த அம்மா எழுந்தார். கணவரின் மடியிலிருந்து பெட்டியை எடுத்தார். அவர் விடவில்லை, கொஞ்சம் பலமாக இழுக்க வேண்டியிருந்தது. "இனிமே நானே எடுத்துக்கறேன்" என்றார்.

அக்கா அவர்களை நேராக மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா அந்தப் படத்தை மறுபடி திறந்து அடிவயிற்றைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். தலையில் கைவைத்துக்கொண்டார். தொடங்கவிருந்த மருந்தை நிறுத்திவைத்தார். பழைய மாத்திரையை உண்மையாகவே நிறுத்தி, இரண்டு மாதம் காத்திருந்து மறுபடி படம் என்று எழுதினார்.

இது நடந்த மூன்றாம் நாள் அக்காவுக்கு ஓர் ஓலை வந்தது. துறைத் தலைவரின் அனுமதியின்றி நோயாளியை அழைத்ததும், வெளியான ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசியதும் ஏன் என்று விளக்கம் கேட்டு. நாங்கள் கூடிப் பேசினோம். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எழுதினால் மேடை குளிர்ந்துவிடுவார், படப்பிடிப்பால் தாமதமானதைப் பற்றி மூச்சுவிட வேண்டாம் என்று எல்லாரும் புத்தி சொன்னோம். எங்கள் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

அவள் பதில் எழுதி என்னிடம் பதிவுக்குக் கொடுத்தாள். படித்தேன். 'அழைத்தது நான். பேசியது நான். அதற்கு வருத்தமில்லை. இதில் தவறு ஒன்று உண்டு. நோயாளியின் வாயால் கேட்காமல், கணவர் எழுதிய படிவத்தை நம்பி ஊசி போட்டேன். அந்தத் தவறும் என்னுடையதே.'

"அக்கா, இதைக் கேக்கவே இல்லையே அவங்க. எதுக்கு நீங்களா எழுதுறீங்க?"

"கேக்கத் தெரியாதவன் கேக்கலைன்னா நடந்தது இல்லைன்னு ஆயிடுமா?" என்றாள். "இருபது வருஷமா ஊரையெல்லாம் கேவலமாப் பார்த்தேன். அன்னைக்கு நானும் அந்தம்மா மூஞ்சியைப் பார்க்கல. அவன் பேனாவைத்தான் பார்த்தேன்."

"பதிவு போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மேடைக்கு அல்வா சாப்பிட்டதுபோல் ஆயிற்று. அவர் கேட்காத குற்றத்தை அவளே ஒப்புக்கொண்டுவிட்டாளே. ஒரே வாரத்தில் அக்காவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அங்கே எலும்பு அடர்த்தி அளக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது. அக்கா தன் டம்ளரையும் ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். எங்களில் யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நானும்தான். பேனரைத் துடைத்து மாட்டச் சொன்னார்கள், மாட்டினேன்.

இரண்டு மாதம் கழித்துத் தையல்காரம்மா தனியாக வந்தார். படம் எடுத்தார்கள். முதுகெலும்பும் இடுப்பும் விளக்குப் போட்டதுபோல் ஒளிர்ந்தன. கர்ப்பப்பையும் தன் இடத்தில் தெரிந்தது. விலாவில் மட்டும் இருட்டு. அங்கே நோய் வேறு மாதிரி மாறியிருக்கிறது என்று டாக்டரம்மா அந்த ஓர் இடத்துக்குக் கதிர் சிகிச்சை கொடுத்தார். மற்றதற்குப் புதிய மாத்திரையும் அதோடு இன்னொரு மாத்திரையும். அறுபது நாளில் வலி குறைந்து, பள்ளி திறப்பதற்குள் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டார்.

மேடை இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு மாநாட்டில் பேசினார். 'எச்சரிக்கையான கண்ணுக்கு ஓர் எடுத்துக்காட்டு' என்று தலைப்பு. ஒரு கேடயம் கொடுத்தார்கள். படிவத்தில் 'மாத்திரைகளை நேரில் கொண்டு வரவும்' என்று ஒரு வரி சேர்ந்தது. அதன் கீழே அவர் பேர். நான் கீழ்த்தளத்துக்கு இறங்கி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கர்ப்பப்பையைப் பத்திப் பேசினானா?"

"பேசலைக்கா. கேடயத்தோட திரும்பியிருக்காரு."

"அப்ப இன்னும் புரியல" என்றாள். அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

புதிய மாத்திரை எலும்பை மெலியவைக்கும். அதனால் வருடம் ஒருமுறை அடர்த்தி அளக்க வேண்டும் என்று தையல்காரம்மாவைக் கீழ்த்தளத்துக்கு அனுப்புகிறார்கள். மூன்று முறை வந்துவிட்டார். முதல் முறை அக்காவை அங்கே பார்த்ததும் திகைத்து, "நீங்க ஏன் இங்க?" என்று கேட்டாராம். "மேல கூட்டம் ஜாஸ்தி" என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

போன மாதம் நானே அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போனேன். கணவரும் வந்திருந்தார், கையில் அதே கயிறு கட்டிய கோப்பு. அறை வாசலில் அவர் பழக்கத்தில் ஓரடி உள்ளே வைத்தார். அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வராந்தா நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

உள்ளே அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

அந்த அம்மா சொல்ல ஆரம்பித்தார். அக்கா இடையில் குறுக்கிடவில்லை. முழுவதையும் கேட்டாள், எழுதினாள், பிறகு என் பக்கம் பார்த்து முறைத்தாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.